மீக்குளிர் நியூத்திரன்களும் புவியீர்ப்பும்

நான் வசிக்கும் ரொறன்ரோவிலிருந்து ஹமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். நியூத்திரன்களைக் கொண்டு பொருள்களின் உள்ளியல்பை ஆராய்ந்ததற்காக 1994இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பேட்ரம் புரொக்ஹவுஸ் அங்கேதான் பேராசிரியராக இருந்தவர். அதே நியூத்திரனிடம் பெளதிகவியலாளர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்கிறார்கள். தலைமுடியின் தடிப்பிலும் குறைந்த தூரங்களில் நியூட்டனின் ஈர்ப்பு விதி அப்படியே செல்லுபடியாகுமா?

கோள்களின் பாதைகளை அழகாகக் கணிக்கும் விதியாயிற்றே, இதிலென்ன சந்தேகம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் ஈர்ப்பு மிகவும் வலுக்குறைந்த விசை. சிறு தூரங்களில் மின்விசைகள் அதனை முற்றாக மறைத்துவிடும். நமக்குப் புலப்படாத மேலதிகப் பரிமாணங்கள் இருப்பின், மில்லிமீற்றரிலும் குறைந்த தூரங்களில் ஈர்ப்பு மாறக்கூடும் என 1998இல் அர்க்கானி-ஹமெட், டிமோபூலஸ், த்வாலி ஆகிய மூவரும் எழுதிய பின்னர் இச்சோதனைகள் மேலும் முக்கியமாயின. நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. எனவே இந்த வேலைக்கு அது மிகவும் பொருத்தமானது.

மீக்குளிர் நியூத்திரனின் வேகம் விநாடிக்கு ஏழெட்டு மீற்றர்தான், மிதிவண்டி வேகம். விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் மேல்நோக்கிச் சென்றால் 1.3 மீற்றர் ஏறித் திரும்பி விழும். தகுந்த சுவர்களில் பட்டுத் தெறிப்பதால் போத்தலிலும் அடைத்துவைக்கலாம்; ஆனால் சராசரி ஆயுள் 15 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

பிரான்சின் கிரெனோபிளில் உள்ள லாவ்-லாஞ்சவான் நிறுவனத்தில் நெஸ்விஷெவ்ஸ்கி குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 2002இல் வெளியாயிற்று. கீழே வழவழப்பான கண்ணாடித் தளம், மேலே நியூத்திரனை விழுங்கும் தகடு. இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். சுமார் 15 மைக்ரோமீற்றர் வரும்வரை நியூத்திரன்கள் ஏறக்குறைய வெளிவரவேயில்லை! கண்ணாடியின் மேல் துள்ளும் நியூத்திரன் எந்த உயரத்திலும் நிற்காது, குவாண்டம் படிகளில்தான் நிற்கும் என்பதற்கு அது சான்று.

2011இல் ஹார்ட்முட் ஆபெலேயின் வியன்னாக் குழு, அதே நிறுவனத்தில் கண்ணாடியை அதிரவைத்து நியூத்திரனைப் படிமாற்றியது. கணக்கின்படி முதலிரு படிகளின் இடைவெளி விநாடிக்கு 254 அதிர்வுகள். ஆர்மோனியத்தின் நடு 'சி' கட்டைக்குச் சற்றே கீழான சுருதி! கண்ணாடிக்கு அருகே புதிய விசையொன்று இருந்தால் அந்தச் சுருதி பிசகும். இதுவரை பிசகவில்லை. ஆகவே கற்பனை செய்யப்பட்ட பல விசைகளுக்கு எல்லை வகுக்க முடிந்திருக்கிறது.

கனடாவில் வன்கூவரின் ட்ரையம்ஃப் ஆய்வுகூடம் 2017இல் முதன்முதலாக மீக்குளிர் நியூத்திரன்களை உண்டாக்கியது. அங்கே முதன்மை நோக்கம் ஈர்ப்பு அல்ல. நியூத்திரனுக்குள் மின்னேற்றங்கள் இம்மியளவேனும் விலகியுள்ளனவா என்று அறிவது. ஆயினும் ஒரு மீற்றர் உயரவேறுபாடே இந்த நியூத்திரன்களின் சக்தியைப் பெரிதும் மாற்றிவிடுவதால், அங்கும் ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்காமல் எதையும் அளக்க இயலாது.