வளர்ப்பு மகன் பிடித்துக் கொடுத்த யாழ்ப்பாணம்

மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு மேலே போனால் களனி விகாரை வரும். தென்கிழக்கே திரும்பினால் தியவன்னாவை ஒட்டிக் கோட்டை. இந்தச் சிறு வட்டத்துக்குள் இருந்துகொண்டே 15ஆம் நூற்றாண்டில் முழுத் தீவையும் ஆண்டவர் ஆறாம் பராக்கிரமபாகு. அவருக்குப் பின் எந்தச் சுதேச மன்னருக்கும் அது வாய்க்கவில்லை.

1411இல் சீனத் தளபதி செங் ஹோ, தென்மேற்கில் அதிகாரம் செலுத்திய வீர அழகேஸ்வரனைப் பிடித்துக் கப்பலேற்றிப் போனார். அந்த வெற்றிடத்தில் பராக்கிரமபாகு 1412இல் றைகமையில் ஆட்சியைத் தொடங்கி, 1415இல் கோட்டைக்கு இடம்மாறினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளைத் தடுக்கவென்று நிஸ்ஸங்க அழகக்கோனார் எழுப்பிய அரண் அது. அதே அரணிலிருந்துதான் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் படை போயிற்று.

மலைநாடு பணிந்தது, வன்னித் தலைவர்களும் பணிந்தார்கள். யாழ்ப்பாணந்தான் இலகுவில் மசியவில்லை. அதற்கென மன்னர் அனுப்பியவர் சப்புமல் குமாரயா. நமக்குச் செண்பகப் பெருமாள். இவர் மன்னர் பெற்ற பிள்ளை அல்லர், பணிக்கன் ஒருவரின் மகன், அரண்மனையில் வளர்ந்தவர். 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண மன்னர் கனகசூரிய சிங்கையாரியன் இந்தியாவுக்குத் தப்பியோட, செண்பகப் பெருமாள் நல்லூரில் அமர்ந்தார்.

சிங்கள அரசன் தமிழ் அரசை வென்றான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த அரசவைக்குள் எட்டிப் பார்த்தால் அவ்வளவு சுலபமாக முடியாது. மன்னரின் மகள் உலகுடைய தேவி. அவருடைய கணவர் நன்னூர்த்துனையாரைத் தமிழர் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். 1421இல் 'நாமாவலிய' என்ற சிங்கள நிகண்டைச் செய்தவர் அவர். அந்த இளவரசிக்குப் பிள்ளை வரம் கேட்டுக் கோட்டையிலிருந்து களனி விபீஷணன் சந்நிதிக்கு நாகணவாய்ப் பறவையைத் தூது விடுகிறது தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் பாடிய 'செலலிஹினி சந்தேசய'. வழியில் ஓர் ஈசுவரன் கோயிலில் தமிழ்த் துதி கேட்பதாகவும் அதில் வருகிறது. கறுவா ஏற்றிய கப்பலை அதிராம்பட்டினத்தார் மறித்ததற்காக மன்னர் அங்கேயும் படை அனுப்பினார் என்கிறது 'ராஜாவலிய'. வியாபாரக் கணக்கிலும் ஆள் கறார்தான்.

என் கணிப்பில், அவர் கட்டியது ஒரே நிர்வாகம் அல்ல. ஆங்காங்கே தன் ஆட்களை இருத்தி, உறவின் பலத்தில் ஓட்டிய அரசு அது. அந்த உறவுகளின் முடிச்சு அவர் ஒருவர் கையில்தான் இருந்தது. கடைசிக் காலத்தில் மலைநாட்டுத் தலைவர் ஜோதிய சிட்டான கிளர்ந்தபோதே தளர்ச்சி தெரிந்தது.

1467இல் மன்னர் இறந்தார். உலகுடைய தேவியின் மகன் ஜயபாகு முடிசூடினார். வளர்ப்பு மகனுக்கு அது பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டுத் தெற்கே வந்து, ஜயபாகுவைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டைச் சிம்மாசனம் ஏறினார். ஆளில்லாத நல்லூருக்குக் கனகசூரியன் தன் பிள்ளைகளோடு திரும்பி வந்தார். யாழ்ப்பாணத்தை வென்று கொடுத்தவரே கோட்டை ஆசையில் அதைக் கைநழுவ விட்டார். மலைநாடும் சேனாசம்மத விக்கிரமபாகுவின் கீழ் தனிவழி போயிற்று.

எஞ்சிய கோட்டையையும் 1521இல் மூன்று சகோதரர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். அவர்களில் மாயாதுன்னைக்குக் கிடைத்தது சீதாவாக்கை. அவர் கதை அடுத்த வாரம்.