நான்கெழுத்தும் எட்டொலியும்

ஆங்கிலம் பயிலும் நம் சிறார்களைப் பெரிதும் அலைக்கழிக்கும் எழுத்துத் தொடர் ஒன்று உண்டு. ஓ, யூ, ஜீ, எச் என்னும் நான்கெழுத்தும் இவ்வரிசையில் சேர்ந்து நிற்பதே அது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இத்தொடர் செவிக்கு எட்டு வகையாக ஒலிக்கின்றது.

'ஆயினும்' எனப் பொருள்படும் 'தோ' என்ற சொல்லில் அது ஓகாரமாகின்றது. 'ஊடாக' என்னும் 'த்ரூ'வில் ஊகாரமாகின்றது. மரக்கிளையைக் குறிக்கும் 'பௌ'வில் ஔகாரம். உறுதியானது, எளிதில் வளையாதது என்னும் பொருளுடைய 'டஃப்', இருமலைக் குறிக்கும் 'காஃப்' ஆகிய இரண்டிலும் மெய்யொலி ஒன்றாயினும் உயிரொலி வேறு. எண்ணம் என்னும் 'தாட்' சொல்லில் ஈற்றெழுத்து இரண்டும் வாய் திறவா. நகரைக் குறிக்கும் 'பரா'வில் தொடர் முழுதும் தேய்ந்து ஒரு குற்றொலியாகின்றது. விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' சொல்லிலோ அது 'அப்' என முடிகின்றது. இதனைக் கண்டு ஆங்கில எழுத்துமுறையை நகைப்போர் பலர். ஆனால் வரலாற்றை நோக்கின் இந்நகைப்பு வியப்பாக மாறும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களிற் பலவற்றில் அடித்தொண்டையில் மூச்சு உரசிப் பிறக்கும் ஓர் ஒலி இருந்தது. நம் 'எஃகு' என்னும் சொல்லின் ஆய்தத்தோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். அக்காலத்து மக்கள் அதனை எச் என்னும் ஓரெழுத்தால் எழுதினர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சு மரபில் பயின்ற எழுத்தர்கள் செல்வாக்குப் பெற்றனர். நாளடைவில் அவ்வொலியை ஜீ, எச் என்னும் ஈரெழுத்தால் குறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்து நின்றது. பேச்சோ நிற்கவில்லை. உயிரொலிகள் இடம் பெயர்ந்தன. தொண்டை ஒலி சில சொற்களில் அறவே மறைந்தது. சிலவற்றில் இதழ்வழிப் பிறக்கும் ஃப் ஒலியாகத் திரிந்தது. இவ்வாறே ஓரெழுத்துத் தொடர் பல்லொலித் தொடராயிற்று. விக்கலின் கதை மட்டும் வேறு. 'அப்' என்றே எழுதப்பட்டு வந்த அச்சொல்லை இருமலுக்கு உறவு எனப் பிழைபடக் கருதியோர், இருமலின் எழுத்துகளை அதற்கு அணிவித்துவிட்டனர்!

ஒலி இழந்த எழுத்தால் பயன் யாது? அது உறவுக்குச் சான்று பகர்கின்றது. ஆங்கிலத்தின் உடன்பிறப்பாகிய ஜெர்மன் மொழியில் இரவு, மகள் என்பவற்றைக் குறிக்கும் சொற்களில் அத்தொண்டை ஒலி இன்றும் வாழ்கின்றது. ஆங்கிலத்தில் அவ்விடத்தே ஊமையாய் நிற்கும் ஜீ, எச் எழுத்துகள், 'இங்கே ஒருவர் குடியிருந்தார்' என்று அறிவிக்கின்றன.

உறவு இன்னும் நெடுந்தூரம் செல்லும். 1786இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவையாகலாம் என்றார். அவ்வழி ஆராய்ந்தோர் ஆங்கிலத்தையும் அக்குடும்பத்தில் வைத்தனர். மரக்கிளையைக் குறிக்கும் 'பௌ' முற்காலத்தில் தோளையும் கையையும் குறித்தது. அது வடமொழி 'பாஹு'வுக்கு உறவு. நாம் ஆஜானுபாகு என்கிறோமே, அச்சொல்லில் உள்ளதும் அதுவே. பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்னும் சொல், பிசைதல், உருவாக்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. நாம் வடமொழியிலிருந்து பெற்ற தேகம் என்னும் சொல்லும் அவ்வேரினதே. நம் தமிழ் வேறு குடும்பத்தது. எனினும் நாம் கடன்பெற்ற சொல்லுக்கும் ரொட்டி மாவுக்கும் உள்ள உறவை அறிவது இன்பமன்றோ!

இவ்வெழுத்துகளைக் களைய முயன்றோரும் உண்டு. 1906இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், முந்நூறு சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். எதிர்ப்பு மிகவே அம்முயற்சி கைவிடப்பட்டது. 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழ் 1934இல் தொடங்கிய எளிய எழுத்துக்கூட்டலை 1975இல் நீக்கியது. கலப்பையைக் குறிக்கும் சொல்லையோ அமெரிக்கர் சுருக்கி எழுதி வெற்றி கண்டனர்.

இனி நம் வீட்டை நோக்குவோம். தமிழர் பலர் பேச்சில் இன்று ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நகரமும் னகரமும் அவ்வாறே. ஆயினும் தொல்காப்பியர் இவற்றைத் தனித்தனி எழுத்துகளாகவே வகுத்தார். அடுத்த வீட்டு மலையாள அன்பரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ரகர றகர வேறுபாடு அவர் நாவில் இன்றும் உயிரோடிருப்பதை உணர்வீர்கள். ஆங்கிலத்துக்கு ஜெர்மன் காட்டும் சான்றை நமக்கு மலையாளம் காட்டுகின்றது. 1978இல் தமிழ்நாட்டரசு செய்த எழுத்துச் சீர்திருத்தமும் சில எழுத்துகளின் வடிவத்தை எளிதாக்கியதேயன்றி எந்த எழுத்தையும் நீக்கவில்லை.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். ஆனால் கைபேசியில் அதனை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். அவ்வெழுத்தில் அரமும் அறமும் ஒன்று. கரையும் கறையும் ஒன்று. மரமும் மறமும் ஒன்று. பேச்சிலும் வேறுபாடின்றி, எழுத்திலும் வேறுபாடின்றிப் போனால், அப்பிள்ளைகளுக்கு இச்சொற்களைப் பிரித்தறியும் வழி ஏது? செவி இழந்ததைக் கண் காக்கவேண்டிய காலம் இது.

அயல்மொழியின் நான்கு எழுத்துகளை, எட்டு ஒலிகளோடும், பிழையின்றி மனப்பாடம் செய்யும் ஆற்றல் நம் குழந்தைகளுக்கு உண்டு. அதே குழந்தைகளுக்கு ரகர றகரம் கடினம் என்று பெற்றோர் கூறுவது பொருந்துமா? நாள்தோறும் கால்மணி நேரம் வீட்டில் ஒதுக்குவோம். ஐந்து சொற்கள் எழுதச் செய்வோம். பேச்சில் தேய்ந்தது எழுத்திலேனும் அடுத்த தலைமுறையிடம் சேரட்டும்.