குடற்புழுவும் செடி மருந்தும் (வேலூர்–ஆம்பூர் வட்டாரம்)

ஒட்டுண்ணிகளை விரட்டச் செடிகளைத் தேர்ந்து உண்ணும் வழக்கம் மனித இனத்துக்கே மூத்ததாக இருக்கலாம். 1987-இல் தான்சானியாவின் மஹாலே மலையில், நோயுற்ற பெண் சிம்பன்சி ஒன்று, அந்த இனம் அரிதாகவே தொடும் வெர்னோனியா என்ற கசப்புச் செடியின் தண்டை உரித்து மென்று சாற்றை விழுங்கியது, மறுநாளே தெளிந்தது. ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மனும் அவருடன் சென்ற, அப்பகுதி டோங்வே இன மருத்துவர் முகமதி செய்ஃபுவும் இதைப் பதிவு செய்தனர். டோங்வே மக்களுக்கும் அதுவே வயிற்று மருந்து. எகிப்தில் கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ், நாடாப்புழுவுக்கு மாதுளை வேரைச் சொல்கிறது.

வட ஆர்க்காட்டு வீடுகளில் இந்த அறிவு பாட்டிமாரிடம் இருந்தது. குழந்தை பல்லை நறநறவெனக் கடித்தால் வயிற்றில் புழு என்று கருதி, வேப்பங்கொழுந்தை அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். குப்பைமேனிச் சாறும் வாய்விடங்கமும் உண்டு; பேதிக்கு விளக்கெண்ணெய். கசப்பு இவற்றில் பலவற்றுக்குப் பொது. செடி தன்னைத் தின்ன வருபவற்றைத் தடுக்கச் சேர்த்துவைத்த நஞ்சின் சுவை அது. அளவு தெரிந்து கொடுத்தால் மருந்து.

துவர்ப்பும் அத்தகையதே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதியில் குரோமியம் பரவுமுன் ஆட்டுத்தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. புரதத்தைப் பற்றும் அதே இயல்பால் சில டானின்கள் ஆட்டின் குடற்புழுவையும் தாக்குகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹுவான் வில்லால்பா குழுவினர் நடத்திய சோதனைகளில், புழு தொற்றிய செம்மறிக்குட்டிகள் டானின் கலந்த தீவனத்தைக் கூடுதலாகத் தின்றன. தோலைத் தரும் விலங்குக்கும் மருந்துச் சுவை தெரிந்திருக்கிறது என்பது இந்த வட்டாரத்தார் அறிய வேண்டிய செய்தி.

செடி மருந்துக்கு எல்லையும் உண்டு. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. வயிற்றைச் சுத்தம் செய்தாலும் மீண்டும் தொற்றும். காலணியும் கழிவறையுமே அந்த வழியை அடைக்கும். உலகுக்குக் காலணி தைக்கும் ஆம்பூருக்கு அருகிலேயே இந்தத் தேவை இன்னும் இருப்பது வேதனை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் 2017-இல் தொடங்கிய டிவார்ம்3 ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஊர் முழுவதற்கும் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையைக் கொடுத்தால் தொற்றுச் சங்கிலி அறுமா என்று சோதித்தது. பள்ளி, அங்கன்வாடிகளில் அதே மாத்திரையை வழங்கும் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் தொடங்கியது.

பழைய புழு மருந்துகளில் ஒன்றை இன்று கைவிட்டே ஆகவேண்டும். ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும்.