ஒற்றை இருக்கை

மரக்காணத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கதவுக் கீல், சைக்கிள் ரிம், பம்புசெட் போல்ட் எதுவானாலும் உப்புக்காற்று சில வருஷத்தில் தின்றுவிடும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே உப்பளம் பேசப்படுகிற ஊர் இது. பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பு படகேறிச் சென்னைக்குப் போனதை என் தாத்தா பார்த்திருக்கிறார். இந்த ஊரில், அளத்துக்கும் ஈசிஆர் ரோட்டுக்கும் நடுவே ஓர் உப்புக் கொட்டகையில், 2011ஆம் ஆண்டு நானும் என் நண்பனும் இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து ஒரு ரேஸ் கார் செய்தோம். நீங்கள் சிரித்தால் தப்பில்லை. ஊரே சிரித்தது.

கொட்டகை அவன் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்திகள் முழுகிவிடும். தை பிறந்து, தண்ணீர் வற்றி, வரப்பு போடுகிற வரைக்கும் அங்கே வேலை இல்லை. அந்த மூன்று மாசம்தான் எங்களுக்கு. எஞ்சின் புதுப்பேட்டையில் வாங்கியது, அடிபட்ட மாருதி 800ல் இருந்து கழற்றியது. காசு என்னுடையது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குவேன், ஞாயிறு ராத்திரி கிளம்புவேன். மற்ற ஆறு நாளும் அந்தக் கொட்டகையில் வெல்டிங் வெளிச்சம் தெரிந்தது அவனால். ஒவ்வொரு ஒட்டையும் தேய்த்து, உப்பு ஏறாமல் இருக்க அன்றைக்கே ரெட்-ஆக்சைடு அடித்துவிடுவான். “இரும்ப ஒரு ராத்திரி சும்மா உட்டா போச்சுடா” என்பான்.

மாசி மாசம் அமெச்சூர்களுக்கான ஒரு பந்தயம். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஓட்டுநர் பெயர்: என் பெயர். வாகன உரிமையாளர்: என் பெயர். கீழே ‘மெக்கானிக்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவன் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினேன். மரியாதை செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

முந்தைய நாள் சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “அப்ப நான் மெக்கானிக்காடா?” அவ்வளவுதான் கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “காசு யாருது?” என்று கேட்டேன்.

அவன் வரவில்லை. காரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு நான் மட்டும் போனேன். மூன்றாவது சுற்றில் கியர் கம்பி கழன்றது. கிளம்புவதற்கு முன் அதன் நட்டை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது அவன் வழக்கம். எனக்கு அப்படி ஒரு நட்டு இருப்பதே தெரியாது.

அதற்கப்புறம்தான் ரேஸ் கார்களின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஆறுதலுக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிக்கப் படிக்க எங்கள் கொட்டகைக் கதை 1951ல் லண்டனிலேயே ஒருமுறை நடந்திருப்பது தெரிந்தது.

காலின் சாப்மன் அப்போது இருபத்துமூன்று வயசுப் பையன். கல்லூரியில் படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கிற தொழில் பார்த்து, அது படுத்து, யாருமே வாங்காத பழைய ஆஸ்டின் செவன் ஒன்று கையில் தங்கிவிட்டது. காதலி ஹேசலின் வீட்டுக் காரேஜில் அதைப் பிரித்து மேய்ந்து அவன் கட்டியதுதான் முதல் லோட்டஸ். மைக்கேல், நைஜல் என்ற ஆலன் சகோதரர்கள் அதன் பிறகு அறிமுகமானார்கள். அவர்கள் வீட்டை ஒட்டி நல்ல பட்டறை இருந்தது. சாப்மனிடம் இல்லாதது அதுதான்.

மூவரும் போட்ட திட்டம் அழகானது. 750 மோட்டார் கிளப் நடத்தும் பந்தயத்துக்காக, ஒரே மாதிரி மூன்று கார். ஆளுக்கு ஒன்று. மூன்றுக்குமான வேலையைச் சேர்ந்தே தொடங்கினார்கள். சீசன் நெருங்க நெருங்க நேரம் போதவில்லை, ஒன்றையாவது முடிப்போம் என்று எல்லாக் கையும் ஒரே காரில் இறங்கியது. முடிந்த அந்த ஒன்று, சாப்மனின் கார்.

லோட்டஸ் மார்க் 3 என்ற அந்தக் காரில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆஸ்டின் செவன் எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், ஆனால் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போக இரண்டே வாய். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாயில் மூச்சு வாங்க வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றதன் பங்கு குறையும். சாப்மன் அந்த வழிக்கு நடுவே தடுப்பு வைத்து நாலு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாதை கொடுத்துவிட்டான். 1951 சீசனில் மார்க் 3 மற்றவர்களை விட்டுவிட்டு ஓடியது. இப்படித் தடுப்பு வைக்கக் கூடாது என்று அப்புறம் விதியே கொண்டுவந்தார்கள்.

சாப்மனின் மூளையைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் முடியாத மற்ற இரண்டு கார்களை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பட்டறை சகோதரர்களுடையது, சரித்திரத்தில் நின்ற கார் அவனுடையது.

1952 ஜனவரி 1ஆம் தேதி சாப்மனும் மைக்கேல் ஆலனும் சேர்ந்து லோட்டஸ் எஞ்சினியரிங்கைத் தொடங்கினார்கள். ஹார்ன்சியில் சாப்மனின் அப்பா நடத்திய ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயம்தான் தொழிற்சாலை. சாப்மன் பகலில் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை பார்த்தான், லாயத்துக்கு வருவது ராத்திரியில். முழுநேரமும் அங்கே நின்றது மைக்கேல். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஞாபகம் வந்தது.

அந்த வருஷமே மார்க் 6 காரின் முதல் வண்டியை நைஜல் பந்தயத்துக்கு ஓட்டிப்போகும் வழியில், ரோட்டில் விபத்தில் சிக்கி நொறுங்கியது. கொஞ்ச நாளில் கூட்டு முறிந்தது. மைக்கேல் தன் பங்காக எடுத்துக்கொண்டது நொறுங்கிப்போன அந்த முதல் காரை. சாப்மன் ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி, 1953ல் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தான். மார்க் 6 சுமார் நூறு கார்கள் விற்றது. 1963க்கும் 1978க்கும் இடையே ஃபார்முலா ஒன்னில் ஏழுமுறை கம்பெனிகளுக்கான பட்டம் வாங்கியது லோட்டஸ். சாப்மன் 1982ல் மாரடைப்பில் இறந்தபோது உலகமே எழுதியது.

பெரிய சண்டை, அடிதடி, வழக்கு என்று எதையும் நான் எங்கேயும் வாசிக்கவில்லை. பிரிந்தார்கள். அவ்வளவு சத்தமில்லாத பிரிவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்து கார் பந்தயம் நடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் நடத்தியது. ஆபீஸ் போகிற ஃபியட்டின் சீட்டைக் கழற்றிவிட்டு ஓட்டியவர்கள் உண்டு. கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்றவர்கள் வெளிநாட்டுக் கார்களை இறக்கி ஓட்டியதும் அங்கேதான். மல்லையாவின் என்சைன் ஒரு ஃபார்முலா ஒன் கார். பக்கத்தில் நின்ற ஃபியட்காரன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன், எல்லோருக்கும் ‘கரி’, இந்தச் சோழவரத்தில் ஓட்டிய ஆள். மில் குடும்பம், காசுக்குப் பஞ்சமில்லை. தனக்கென்று ஒரு கார் கட்டிக்கொண்டு ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கலாம். 1980களின் கடைசியில் அவர் செய்தது வேறு. மாருதி 800ன் 796 சிசி எஞ்சினைப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை வடிவமைத்து, அதே அச்சில் வரிசையாகச் செய்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எல்லோருக்கும் ஒரே கார் என்பதால், யாரிடம் நல்ல வண்டி என்ற பேச்சு பாதி அடங்கியது. நாராயண் கார்த்திகேயன் தொடங்கியது இந்தக் காரில்தான். 2005ல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

ஆலன் சகோதரர்களின் மூன்று காரைக் கரிதான் முடித்துக் காட்டினார் என்று எனக்குத் தோன்றும். ஆளுக்கு ஒன்று இருந்தால் யார் உட்காருவது என்ற கேள்வியே வராது. நாங்கள் இரண்டு கார் செய்திருக்க முடியுமா? முடியாது. ஒரு எஞ்சின் வாங்கவே நாலு மாசச் சம்பளம். ஆனால் மூன்றாவது சுற்றுக்கு அவனை உட்காரச் சொல்லியிருக்கலாம். அதற்குக் காசு வேண்டாம்.

பந்தயம் முடிந்த வாரமே எஞ்சினை இறக்கி, கோணிப்பையில் சுற்றி, எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். உன் காசு, உனக்கு என்று அர்த்தம். சட்டத்தை அவனே வைத்துக்கொண்டான். அது பல வருஷம் அளத்து ஓரத்தில் கிடந்தது. ஈசிஆரில் பஸ் திரும்பும்போது தெரியும். ரெட்-ஆக்சைடு அடித்தது நான் நினைத்ததைவிட நிறைய நாள் தாங்கியது. தானே புயல், நீலம் புயல் எல்லாம் பார்த்தது. ஒரு பொங்கலுக்கு வந்தபோது இல்லை.

இதை எழுதுவதற்கு முன் போன் பண்ணினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது அளத்தை அவன்தான் பார்க்கிறான். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது.

“எழுதிக்கோ” என்றான். “எம் பேரு மட்டும் போடாத.”

“ஏன்டா?”

“அன்னிக்குப் போட்ட எடத்துலயே இருக்கட்டும்.”

பாத்திக்குத் தண்ணி பாய்கிறது, போக வேண்டும் என்று வைத்துவிட்டான்.