பஞ்சாலைத் தொழிலாளரின் கைம்பெண் ஓய்வூதியம்

திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்தில், தாமிரபரணி அருவியின் விசையை நம்பி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை தொடங்கினர். 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் முதலில் எடுத்துக்கொண்ட ஆறு தொழில்களுள் துணி ஆலைத் தொழிலும் ஒன்று. ஆனால் அது சேமிப்பு மட்டுமே. இளவயதில் இறந்த தொழிலாளியின் கணக்கில் சொற்பத் தொகையே இருக்கும்.

இக்குறையைப் போக்க 1971 மார்ச் 1இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. தொழிலாளி, முதலாளி, மத்திய அரசு ஆகிய மூவரின் பங்கும் சம்பளத்தில் தலா 1.16 விழுக்காடு. பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கே இது பயன்பட்டது. ஓய்வுக்குப் பின் இறந்தவரின் மனைவிக்கு இல்லை.

1995 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் அவரையும் சேர்த்துக்கொண்டது. முதலாளியின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடும், அரசின் 1.16 விழுக்காடும் நிதியில் சேர்கின்றன. சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் உறுப்பினரின் ஓய்வூதியம் வரும். 15,000 ரூபாய்ச் சம்பளம், 14 ஆண்டுப் பணி என்றால் 3,000 ரூபாய். ஓய்வூதியர் இறந்தபின் மனைவிக்கு அதில் பாதி, 1,500 ரூபாய்.

5,000 ரூபாய்ச் சம்பளத்தில் 10 ஆண்டு உழைத்தவரின் மனைவிக்கு இதே கணக்கு 357 ரூபாய்தான் தரும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாயாக்கப்பட்டதால் அவருக்கு அத்தொகை கிடைக்கிறது. குறைந்த கூலிக்காரரின் குடும்பத்தைக் காப்பது வகுத்தல் கணக்கு அன்று, இந்த அடிமட்ட வரம்பே. அகவிலைப்படி இல்லாததால், விலைவாசி ஏறும்தோறும் அதன் மதிப்பும் தேய்கிறது.