சாய்த்து நடப்படும் தூண்

மின்ரயில் தடத்தின் ஓரத்தில் நிற்கும் தூண் பிறப்பது எஃகு ஆலையில். பழுக்கக் காய்ந்த எஃகு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி, அகன்ற விளிம்புள்ள உத்திரமாக நீண்டு வருகிறது. அளவுக்கு வெட்டி, ஏறத்தாழ 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். மழையிலும் கடற்காற்றிலும் பல பத்தாண்டுகள் துருவை அண்டவிடாமல் காப்பது இந்தப் பூச்சுதான்.

தூண் வருமுன்பே தடத்தோரத்தில் கான்கிரீட் அடித்தளம் தயாராக இருக்கும். நடுவில் விட்டுவைத்த குழிக்குள் கிரேன் தூணை இறக்கும். அப்போது யாரும் அதைச் செங்குத்தாக நிறுத்துவதில்லை. தடத்துக்கு எதிர்ப்புறமாகக் கொஞ்சம் சாய்த்து வைத்து, குழியைக் கலவையால் அடைப்பார்கள். பின்னால் கம்பியின் பாரம் தடத்தின் பக்கம் இழுக்கும்போது தூண் நிமிர்ந்துகொள்ளும்.

அடுத்து அதற்கு இன்சுலேட்டரோடு ஒரு குழாய்க் கை முளைக்கிறது. அதன் நுனியில் செம்புக் கம்பி. நேர்தடத்தில் இரு தூண்களுக்கு நடுவே 72 மீட்டர் வரை விடலாம். வளைவில் நெருக்கி நட வேண்டும். கம்பியையும் தடத்தின் நடுக்கோட்டிலேயே ஓடவிடுவதில்லை. ஒரு தூணில் 20 சென்டிமீட்டர் இப்பக்கம், அடுத்ததில் அப்பக்கம். ஒரே இடத்தில் உரசினால் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும், ரயில் கூரையிலுள்ள பாண்டோகிராஃபில் பள்ளம் விழுந்துவிடும்.

இந்தியாவில் மின்ரயில் முதலில் ஓடியது 1925இல், பம்பாயில். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் தடத்துக்கு 1931இல் வந்தது. இரண்டிலும் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அழுத்தம் குறைவு என்பதால் ஆம்பியர் அதிகம். கம்பி தடிமனாக வேண்டும், அதைத் தாங்கும் தூணும் வலுவாக வேண்டும். 1960களில் சென்னைத் தடம் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. இந்த முறையில் மெல்லிய கம்பியும் இலகுவான தூணும் போதும்.

தூணில் மின்சாரம் ஓடுவதில்லை. ஆனால் இன்சுலேட்டர் உடைந்தால் பாயலாம் என்பதால் தூணைத் தண்டவாளத்தோடு இணைத்திருப்பார்கள். பழுதான மின்சாரம் அவ்வழியே திரும்ப, துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழும்.

கடைசியில் நெற்றியில் ஒரு பலகை ஏறும்: மேலே கிலோமீட்டர், கீழே வரிசை எண். ஊர் பெயர் இல்லாத வெட்டவெளியில் ரயில் நின்றுவிட்டால், லோகோ பைலட் சொல்லும் முகவரி அதுதான். கம்பி அறுந்தாலும் பழுதுபார்க்கும் டவர் வேகனை அந்த எண்ணுக்கே அனுப்புவார்கள்.

புதிய தடம் போட இடம் தேவைப்பட்டால் தூணைப் பிடுங்க வேண்டிவரும். வளையாத தூணை வேறிடத்தில் நடலாம். வளைந்தது பழைய இரும்பாகி மீண்டும் உலைக்குப் போகும்.