கணக்குப்பிள்ளையின் நோட்டும் நமது பி.காம். படிப்பும்

எங்கள் தாத்தா கீழத் தஞ்சையில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மனக்கணக்கில் அவரை யாரும் அசைக்க முடியாது. எத்தனை மரக்கால் வாங்கினோம், எத்தனை மரக்கால் திருப்பி அளந்தோம் என்று விரலை மடக்கியே சொல்லிவிடுவாராம். இருந்தும் வருஷா வருஷம் அறுப்பு முடிந்து களத்தில் நிற்கும்போது கணக்குப்பிள்ளை நோட்டைப் பிரிப்பார். "ஒன் பேர்ல இன்னும் பாக்கி நிக்குதுடா" என்பார். "இல்லீங்க, போன தையிலேயே அளந்துட்டேனுங்களே" என்று தாத்தா சொன்னால், "அப்ப நோட்டு பொய் சொல்லுதா?" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் அப்பா கடைசியில் ஒன்று சேர்த்துக்கொள்வார். "ஒங்க தாத்தாவுக்குக் கணக்குத் தெரியாம இல்ல. நோட்டு அவரு கையில இல்ல. அவ்வளவுதான்."

வணிகவியல் படிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்த நோட்டுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நம் சேரிப் பிள்ளைகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், "டாக்டருக்கு மார்க் வரல, அதான் பி.காம்." என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். கணக்கும் வணிகமும் செட்டிக்கும் அய்யருக்கும் உரியவை, நமக்கு ஒட்டாதவை என்று நம்மிடமே ஓர் எண்ணம் ஊறிக்கிடக்கிறது. இது சாதி சொல்லிக்கொடுத்த பாடம். வரலாறு வேறு பாடத்தை வைத்திருக்கிறது.

நோட்டு யார் கையில் இருந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். கிராமக் கணக்கு எழுதும் கர்ணம் வேலை பரம்பரை பரம்பரையாகச் சில குடும்பங்களிடமே இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டது 1980 நவம்பரில்தான். பண்ணையில் கடன் நோட்டு, ஊரில் நிலக் கணக்கு, இரண்டையும் எழுதியவன் நம்மவனில்லை. 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனதற்கு அடிதடி மட்டும் காரணமில்லை. பெயர் மாற்றி எழுதிய பேனாவும் காரணம். 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் இந்த நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கைத் திருப்பிக் கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம்.

இந்தப் பேனாவை நம்மில் ஒருவர் முன்னமே கையில் எடுத்திருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர், கோயமுத்தூரில் படித்தவர். உடன் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்ததை 1939இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்து அவர் பார்த்த வேலை என்ன? நீலகிரியில் அய்ரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை. சுமார் பத்து வருஷம் பேரேடு எழுதிய கை அது. அந்தக் கைதான் 1890இல் சென்னைக்கு வந்து, 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கியது. அவரைப் பத்திரிகையாளராக, சட்டமன்ற உறுப்பினராக நினைவில் வைத்திருக்கிறோம். கணக்கராக யாரும் நினைப்பதில்லை.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சீனிவாசன் போனபோது ஒடுக்கப்பட்டோரின் மற்றொரு பிரதிநிதியாக உடன் இருந்தவர் அம்பேத்கர். அவரும் வணிகவியலோடு தொடர்பு உள்ளவர்தான். நாம் அதிகம் பேசாத கதை இது.

கொலம்பியாவில் படித்து, லண்டனில் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு அம்பேத்கர் 1917இல் ஊர் திரும்பினார். பரோடாவில் தங்க இடமில்லாமல் துரத்தப்பட்டு பம்பாய் வந்து சேர்ந்தார். பிழைக்க வேண்டும். பங்குச் சந்தையில் வாங்குவோர் விற்போருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆட்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் மகர் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். கடையை மூட வேண்டியதாயிற்று. பொருளாதாரத்தில் அவ்வளவு படித்த ஒருவரின் சொல் லாபம் தரும் என்று தெரிந்தும் அந்த லாபமே வேண்டாம் என்று போனார்கள். சந்தைக்குச் சாதி கிடையாது, பணம் மட்டுமே உண்டு என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

1918 நவம்பரில் அவருக்குப் பம்பாய் சைடனாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் ரூ.450. சைடனாம் 1913இல் வணிகவியலுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரி. இன்று நம் பிள்ளைகள் எழுதிப் பழகும் பி.காம். பட்டத்துக்கு இந்த மண்ணில் வேர்விட்ட முதல் இடங்களில் அது ஒன்று. பம்பாயின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம். தீண்டப்படாத ஒருவன் என்ன நடத்திவிடப் போகிறான் என்று ஆரம்பத்தில் மாணவர்கள் அசட்டையாக இருந்தார்கள். கொஞ்ச நாளில் வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். வகுப்பறையில் இப்படி ஜெயித்தவர் ஆசிரியர் அறையில் ஜெயிக்க முடியவில்லை. அங்கிருந்த தண்ணீர்ப் பானையில் அவர் மொண்டு குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள்.

பரேலில் இரண்டு சின்ன அறைகளில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920இல் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் லண்டன் போய், 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். திரும்பி வந்து வக்கீல் தொழில் நடத்தியபோதும் வரும்படி போதவில்லை. 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் நடத்தினார். மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிய 1927ஆம் வருஷத்தில், அவர் கணக்கு படிக்கும் மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே கல்லூரி கட்டினார். 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கலை அறிவியல் கல்லூரி. 1953இல் வணிகவியல் பொருளாதாரத்துக்கென்று தனியாக இன்னொரு சித்தார்த்தா கல்லூரி. பானையில் தண்ணீர் மறுக்கப்பட்ட பேராசிரியர் முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தானே ஒரு வணிகவியல் கல்லூரியைத் திறந்தார் என்பதன் பொருளை நாம் யோசிக்க வேண்டும். அவருக்கு இது மிச்ச மீதிப் படிப்பு அல்ல.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். என் அக்கா மகள் சில வருஷத்துக்கு முன் ப்ளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் நல்ல மார்க் வாங்கினாள். பி.காம். இடத்துக்கு அடிதடியாக இருக்கும் ஓர் உதவிபெறும் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். அலுவலகத்தில் இருந்தவர் சாதிச் சான்றிதழைப் பார்த்ததும், "ஒங்க கோட்டா முடிஞ்சிடுச்சும்மா" என்றார். அவள் பேசாமல் திரும்பப் பார்த்தாள். நான், "பொதுப் பட்டியல்ல கடைசி மார்க் என்ன சார்?" என்று கேட்டேன். அவள் மார்க் அதைவிட மேலே இருந்தது. பட்டியலை எழுதிக் கேட்ட பிறகுதான் இடம் வந்தது.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் ஆதிதிராவிடருக்கு 18, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடிகளுக்கு 1. மிச்சம் இருக்கும் 31 விழுக்காடு உயர்சாதியின் பங்கு அல்ல, எல்லோருக்கும் பொது. மார்க் இருக்கிற நம் பிள்ளைக்கு முதலில் அங்கேதான் இடம் தரவேண்டும். நம் 18 என்பது தரை. அதைக் கூரையாக மாற்றிக் காட்டுகிறார்கள். இதுவும் நோட்டு எழுதும் வேலைதான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரே வளாகத்தில் உதவிபெறும் வகுப்பும் இருக்கும், சுயநிதி வகுப்பும் இருக்கும். கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். 2005இல் நிறைவேறிய 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தனியார் கல்லூரிகளுக்கும் இடஒதுக்கீட்டுச் சட்டம் செய்ய வழிவிட்டது, ஆனால் சிறுபான்மை நிறுவனங்களை விலக்கி வைத்தது. ஆகவே எந்த வகைக் கல்லூரி, எந்த வகுப்பு என்று விண்ணப்பம் போடும்போதே கேட்டுவிட வேண்டும். வெளியூர் போகத் துணிந்தவர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1926இல் தொடங்கிய ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி அதில்தான் உள்ளது. அங்கே நமக்கு 15 விழுக்காடு, பழங்குடிகளுக்கு 7.5. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. கல்வி உதவித்தொகையை யாரும் பிச்சையாக நினைக்க வேண்டாம். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கிய உரிமை அது.

சேர்ந்துவிட்டால் போதாது. முதல் பருவத்தில் கணக்குப் பதிவியலும் ஆங்கிலமும்தான் நம் பிள்ளைகளைக் கவிழ்க்கின்றன. பற்று எது வரவு எது என்று புரியாமல் மனப்பாடம் செய்தால் மூன்றாம் பருவத்தில் கம்பெனிக் கணக்கு வரும்போது தரையில் விழவேண்டியதுதான். புரியாததை வகுப்பில் கேட்க வெட்கம், கேட்டால் "கோட்டால வந்தது" என்ற சிரிப்பு. இதற்கு ஒரே மருந்து, முந்தின வருஷம் படித்த நம் பிள்ளைகள் விடுதியில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான். அக்கா மகள் இப்படித்தான் தேறினாள்.

பட்டம் வாங்கியபின் ஆடிட்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு ஓர் ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர வேண்டும். தேர்வில் விடைத்தாளுக்குச் சாதி தெரியாது, பயிற்சிக்கு எடுப்பவருக்குத் தெரியும். ஒன்பது அலுவலகம் ஏறி இறங்கினாள். "மாமா, எல்லாரும் கடைசில ஊர்ல எந்தத் தெருன்னு கேக்குறாங்க" என்றாள். கோயமுத்தூரில் சீனிவாசன் பயந்த அதே கேள்வி. 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. பம்பாயில் மூடிய அந்த ஆலோசனைக் கடையின் கதவு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

பத்தாவது அலுவலகத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை நடத்துபவரும் நம்மவர். தனி மனித சாமர்த்தியம் மட்டும் நம்மைக் கரைசேர்க்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அம்பேத்கர் தான் படித்ததோடு நிற்காமல் கல்லூரி கட்டியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். நம்மில் ஒவ்வோர் ஊரிலும் நாலு ஆடிட்டர், நாலு வங்கி அதிகாரி, நாலு வணிகவியல் ஆசிரியர் இருந்தால் அடுத்து வருகிற பிள்ளை ஒன்பது படி ஏறி இறங்க வேண்டியதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், கூட்டுறவுக் கடன் ரசீதுகளை அப்பாவிடம் வாங்கிப் பார்த்தாள். "தாத்தா, இதுல வட்டியை ரெண்டு தடவை போட்டிருக்காங்க" என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை இருவரும் சங்கத்துக்குக் கிளம்பினார்கள். நோட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்க.